டெல்மர் ஹாட்ஜின் கஷ்டக் கடிதம்

ஐம்பத்தேழு நிமிஷமாக அதே பியானோ. லூர்டெஸ் சில்வேரா போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, மற்ற ஃபைல்களில் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தாள். பேங்க்காரன் போனை எடுப்பதற்குள் ஒருத்தி பிள்ளை பெற்று, அதைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிடலாம். வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாலோ வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அதனால் கழிப்பறைக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். ஆகஸ்ட் மாதத்து ஸ்டாக்டன் நகர வெயில் கண்ணாடிக் கதவில் அறைந்துகொண்டிருந்தது. அவளுடைய ஆபீஸ் முன்பு நகத்துக்குச் சாயம் பூசும் கடையாக இருந்தது. இரண்டு வருஷம் ஆகியும் அந்த நெடி போகவில்லை.

ஊரில் பாதி வீடு, வாங்கிய கடனில் பாதி விலைக்குக்கூடப் போகாது என்று ஆகிவிட்ட காலம் அது. வீட்டை வந்த விலைக்கு விற்றுவிட்டு மிச்சக் கடனை விட்டுவிடச் சொல்லி பேங்க்கிடம் சம்மதம் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் கோர்ட் வாசல் படியில் ஏலம், மூன்றே நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு ஷெரீஃப் வந்து சாமான்களைப் புல்தரையில் எடுத்து வைப்பார். தவணை ஏன் கட்ட முடியவில்லை என்று கடன் வாங்கியவர் ஒரு 'கஷ்டக் கடிதம்' எழுதித் தந்தால்தான் பேங்க் சம்மதிக்கும். அந்தச் சம்மதத்தை வாங்கித் தருவதுதான் லூர்டெஸின் பிழைப்பு. விற்றுத் தருகிற ஏஜெண்டுகள் பேங்க்கோடு மல்லுக்கட்டப் பொறுமையில்லாமல் ஃபைலை அவளிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். பதினோரு வருஷம் அதே பேங்க்கில், போனின் மறுமுனையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். ஆட்குறைப்பில் அவளையும் ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே அனுப்பினார்கள். எந்தக் காகிதம் எந்த மேஜையில் போய்ச் சாகும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பியானோ நின்றது.

"வணக்கம், நான் ஷெல்பி பேசறேன். இந்தப் பேச்சு பதிவாகுது. கடன் நம்பர் சொல்லுங்க மேடம்."

லூர்டெஸ் நம்பரைச் சொன்னாள். "ஹாட்ஜ் குடும்பத்து ஃபைல்மா. ஏழு மாசமா உங்ககிட்ட கிடக்குது. வீட்டை வாங்கறதுக்கு ஒரு நர்ஸம்மா கையில கடன் அனுமதியோட காத்துட்டு இருக்காங்க. வியாழக்கிழமை ஏலம்னு நோட்டீஸ் ஒட்டிட்டுப் போயிருக்கீங்க. இன்னிக்கு செவ்வாய். சம்மதக் கடிதம் எங்கே?"

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "இது மறுக்கப்பட்டிருக்கு மேடம். நேத்து. காரணம், கஷ்டம் தீர்ந்துவிட்டது."

"யாரோட கஷ்டம்?"

"மனைவியோட வைத்தியச் செலவால தவணை கட்ட முடியலைன்னு கஷ்டக் கடிதத்துல இருக்கு. ஜூலையில நீங்க இறப்புச் சான்றிதழ் அனுப்பியிருக்கீங்க. அதன்படி ஜூன் பதினெட்டோட அந்தச் செலவு நின்னுபோச்சு. அதனால கஷ்டம் தீர்ந்ததா எடுத்துக்கிட்டிருக்காங்க. உங்க இழப்புக்கு ரொம்ப வருந்தறோம்."

லூர்டெஸ் பேனாவை மேஜைமேல் எறிந்தாள்.

"ஏம்மா, நீ வாசிச்சதை நீயே ஒரு தடவை காதுல வாங்கிப் பாரு. பொண்டாட்டி செத்துட்டா. அதனால அந்த ஆளுக்கு வசதி வந்துடுச்சு. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லலை மேடம்."

"வேற யார் சொன்னது?"

"சிஸ்டத்துல அப்படி இருக்கு மேடம்."

"அந்தாளுக்கு வேலை போய் ரெண்டு வருஷமாச்சு. கூரை போடறவர். புது வீடு ஒண்ணுகூட எழும்பாத ஊர்ல எதுக்கு மேல கூரை போடுவாரு?"

மறுபடி தட்டுகிற சத்தம். "வேலை போனதைப் பத்தி முதல் கடிதத்துல ஒண்ணுமே இல்லையே மேடம். அப்ப சொல்லாத கஷ்டத்தை இப்ப சேர்க்க முடியாது. கடைசித் தொண்ணூறு நாளுக்குள்ள புதுசா ஏதாவது வருமானம் குறைஞ்சிருந்தா, புதுக் கடிதம் அனுப்பலாம். நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டுக்குள்ள வந்துட்டா ஏலத்தைத் தள்ளிப்போட நான் எழுதிப் போடறேன். வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

லூர்டெஸ் போனை வைத்த வேகத்தில் மேஜைமேல் இருந்த ஊக்கு டப்பா கவிழ்ந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கப் பொறுக்க, அந்த ஷெல்பிமேல் இருந்த ஆத்திரம் ஊர்ந்து ஊர்ந்து அவள்மேலேயே வந்து உட்கார்ந்தது. முதல் கடிதத்தில் ஏன் ஒன்றுமே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதியவளே அவள்தான்.

ஜனவரியில் டெல்மர் ஹாட்ஜ் மனைவியோடு இதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார். ஆறடி உயரம், தார் ஏறிய நகங்கள். கோடு போட்ட தாளில் அவரே கைப்பட எழுதி வந்திருந்தார்: 'நான் கூரை போடுகிறவன். இருபத்திரண்டு வருஷமாக. இப்போது வேலை இல்லை. இருந்தால் கட்டியிருப்பேன்.' அவ்வளவுதான். லூர்டெஸ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தே விட்டாள்.

"இது உதவாதுங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் இதே பாட்டுதான். இதே மாதிரி நூறு கடிதம் ஒரு நாளைக்கு வரும், எவனும் ரெண்டாவது வரியைப் படிக்கமாட்டான். உங்க வீட்டம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குதில்ல, அதை மேல போடணும். வேலை விஷயமே வேண்டாம். ரெண்டு காரணம் சொன்னா ரெண்டையும் நம்பமாட்டாங்க."

டெல்மர் முகத்தைச் சுளித்தார். "அவ உடம்பைக் காட்டிப் பிச்சை எடுக்கற மாதிரி இருக்குதுங்களே."

கோரீன்தான் சிரித்தாள். கையில் ஊசிக் குத்தலின் நீலத் தழும்புகளோடு, உதட்டில் பளிச்சென்று சாயம் பூசிக்கொண்டு வந்திருந்த பெண்மணி அவள். "போடுங்கம்மா, நல்லாப் போடுங்க. எட்டு வருஷமா எந்த வேலையும் செய்யாம கிடக்குது என் கிட்னி. இதையாவது செய்யட்டும்" என்றாள். பிறகு லூர்டெஸ் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எதிர்வீட்டுக்காரங்க சாமானை ஷெரீஃப் புல்லு மேல பரப்பி வெச்சாரு. அவங்க மெத்தையை ஊரே பார்த்துச்சு. என் மெத்தையை எவனும் பார்க்கக் கூடாது."

"பார்க்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்று லூர்டெஸ் வாக்குக் கொடுத்தாள்.

அந்தக் கடிதத்தை அவள் அருமையாக எழுதினாள். படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அந்த அழகில் பெருமையும் பட்டுக்கொண்டாள். டெல்மர் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூனில் கோரீன் போய்ச் சேர்ந்தாள். அறுபது நாள் ஆனால் எல்லாக் காகிதமும் பழசாகிவிடும், புதுசாக அனுப்ப வேண்டும் என்பது பேங்க்கின் சட்டம். ஜூலையில் கோரீன் போட வேண்டிய இரண்டாவது கையெழுத்துக்கு ஆள் இல்லை என்றதும், முறையாக இருக்கட்டும் என்று லூர்டெஸே இறப்புச் சான்றிதழை முதல் பக்கமாக வைத்து அனுப்பினாள். பதினோரு வருஷம் பேங்க்கில் இருந்தவளுக்கு, அங்கே ஒரு மரணச் சான்றிதழை எப்படி வாசிப்பார்கள் என்று தோன்றவே இல்லை. தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு கிப் வந்தான். ஹாட்ஜின் வீட்டை விற்கிற ஏஜெண்ட். முப்பது வயது, சலவைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு பனிக்கட்டிக் காப்பி.

"என்ன லூர்டெஸ், முகம் இப்படி இருக்கு? நர்ஸம்மா காலையில இருந்து என்னைப் பிடுங்கி எடுக்கறாங்க. என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். கிப் காப்பியை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். பிறகு விரலைச் சொடுக்கினான்.

"தொண்ணூறு நாளுக்குள்ள வருமானம் குறையணும், அவ்வளவுதானே? அந்தம்மாவுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகை மாசாமாசம் வந்துச்சில்ல? தொள்ளாயிரத்துச் சொச்சம். செத்ததும் நின்னிருக்கும். அதைப் போடுங்க! ஜூன்ல நின்னது, கச்சிதமா உள்ள வருது. நல்லதாப் போச்சு போங்க."

"என்னடா நல்லதாப் போச்சு?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும். செத்ததுலயும் ஒரு லாபம் கண்டுபிடிச்சிட்டே. வெளிய போய் அந்தக் காப்பியைக் குடி. போ."

கிப் போய்விட்டான். போகும்போது, "இதைத் தவிர வேற வழி இருந்தா சொல்லுங்க" என்று கதவிடுக்கில் சொல்லிவிட்டுத்தான் போனான். வயிற்றெரிச்சல் என்னவென்றால், வேறு வழி இல்லை. அவன் சொல்வதற்கு அரை நிமிஷம் முன்பே அந்தக் கணக்கு லூர்டெஸின் மூளையிலும் ஓடி முடிந்திருந்தது. அதற்காகத்தான் அவனை அப்படி விரட்டினாள்.

போனில் சொல்கிற விஷயமா இது? காரை எடுத்துக்கொண்டு நேரில் போனாள்.

டெல்மர் கூரைமேல் இருந்தார். இரண்டு நாளில் ஏலத்துக்குப் போகிற வீட்டின் கூரையில், நூற்று மூன்று டிகிரி வெயிலில், முழங்காலில் மண்டியிட்டு ஓட்டுப் பலகைகளை ஆணியடித்துக்கொண்டிருந்தார். விற்பனைக்காக வீட்டைப் பரிசோதிக்க வந்தவன் பின்னறையில் ஈரம் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தான். 'கூரைக்காரன் விற்ற வீடு ஒழுகுது' என்று அந்த நர்ஸ் நாளைக்குச் சொல்லக் கூடாதாம். சம்பளமில்லை, பழைய வேலையில் மிஞ்சிய பலகைகள், சொந்த ஆணி.

"கீழ வாங்க டெல்மர். பேசணும்."

ஏணியில் இறங்கி வந்தார். தன் லாரியின் நிழலில் நின்று, தண்ணீர் ஜாடியை அப்படியே தலையில் கவிழ்த்துக்கொண்டார். லூர்டெஸ் சுற்றிவளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பேங்க் மறுத்துவிட்டது என்றாள். காரணத்தை, அந்தப் பெண் சொன்ன வார்த்தையிலேயே சொன்னாள். அவர் தெரிந்துகொள்ளாமல் எதையும் அவர் கையெழுத்துக்கு நீட்டக் கூடாது என்று வழியிலேயே தீர்மானித்திருந்தாள்.

டெல்மர் முகத்துத் தண்ணீரைத் துடைக்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"கஷ்டம் தீர்ந்துவிட்டது."

"தீர்ந்துடுச்சாமா?" என்றார். "நான் அவளைப் புதைச்சேன். கட்டில்ல அவ பக்கத்துப் போர்வையை இன்னும் மடிக்கலை. எனக்குக் கஷ்டம் தீர்ந்துடுச்சா? எவன் எழுதினான் இதை? பேரைச் சொல்லுங்க. நான் பேசறேன். போனைப் போடுங்க."

"போட்டா ஒரு மணி நேரம் பியானோ கேட்கணும். எடுக்கறவ வேற ஒருத்தியா இருப்பா. அவளும் சிஸ்டம்னுதான் சொல்லுவா."

"ஒரு மனுஷன்கூடவா இல்ல அங்க?"

"நான் இருந்தேன்" என்றாள் லூர்டெஸ். "பதினோரு வருஷம். என்னையும் எவனும் மனுஷின்னு நினைச்சிருக்க மாட்டான்."

அவர் ஏணியை ஓங்கி ஒரு உதை விட்டார். அது சரிந்து, காய்ந்த புல்லில் சடசடவென்று விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் திரை விலகி மூடியது.

"என் கடிதம் என்ன ஆச்சு? நான் எழுதினது. வேலை இல்லன்னு எழுதினேனே. அது இருந்திருந்தா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். "இருந்திருந்தா இந்நேரம் சம்மதம் வந்திருக்கும். தூக்கினது நான்தான். தப்பு என்னோடது டெல்மர். பேங்க்கோடது இல்ல, உங்களோடது இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குப் பட்டது. "அப்பவே எனக்குப் பிடிக்கலை" என்று மட்டும் சொன்னார். "உண்மையைத்தானே எழுதியிருந்தேன். அது போதாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"இப்ப என்ன எழுதணும்?"

"கோரீனுக்கு வந்த உதவித்தொகை நின்னுபோச்சுன்னு. அதனால வருமானம் குறைஞ்சிடுச்சுன்னு. அதை மட்டும்தான் எடுத்துக்குவாங்க."

டெல்மர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் அவள் விழுந்து கிடந்த ஏணியைப் பார்த்தாள்.

"அதாவது, அவ செத்துட்டான்னு சொன்னா கஷ்டம் தீர்ந்துடுச்சு. அவ செக்கு நின்னுடுச்சுன்னு சொன்னா கஷ்டம் வந்துடுச்சு."

"ஆமா."

"இதுல என் கையெழுத்து வேணும்."

"வேண்டாம்னா வேண்டாம் டெல்மர். சத்தியமாச் சொல்றேன், நான் வற்புறுத்த மாட்டேன். ஏலம் போகட்டும்னு நீங்க சொன்னா சரி. ஆனா மூணு நாள்ல வெளிய போகணும். வீடு ஏலத்துல போனவங்களுக்கு, நீங்க வாடகைக்குப் பார்த்து வெச்சிருக்கற வீட்டுக்காரக் கிழவர் இடம் தரமாட்டாரு, முன்னாலேயே சொல்லிட்டாரு. சாமானெல்லாம்..." இரண்டு பேருக்கும் அந்த மெத்தை கண்முன் வந்திருந்தது.

டெல்மர் கையை நீட்டினார். லூர்டெஸ் தாளையும் பேனாவையும் கொடுத்தாள். லாரியின் முன்மூடி தொட முடியாமல் கொதித்தது, ஆகவே ஓட்டுப் பலகைக் கட்டின்மேல் தாளை வைத்து, குனிந்து அவரே எழுதினார். அவள் எழுதிக் கொண்டுவந்திருந்த மாதிரியை அவர் தொடவே இல்லை. 'என் மனைவி கோரீனுக்கு மாதம் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு டாலர் வந்தது. அவள் இறந்ததால் நின்றுவிட்டது. அந்தப் பணம் இல்லாமல் என்னால் கட்ட முடியாது.' தார் ஏறிய விரல் தாளின் ஓரத்தில் கறுப்பாகப் பதிந்தது. கையெழுத்துப் போட்டார்.

"அதுக்குப் பக்கத்துல இன்னொரு கோடு இருக்கே."

"இரண்டாவது கடன்தாரருக்கு. காலியா விடக் கூடாது. காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த இடத்துல 'இறந்துவிட்டார்'னு எழுதணும்."

பேனா கோட்டுக்கு மேலே நின்றது. பிறகு அவர் நிமிர்ந்து, பேனாவை அவளிடம் நீட்டினார்.

"நீங்க எழுதுங்க. அவளைப் பத்தி எழுதறதுல நீங்கதான் கெட்டிக்காரங்க."

லூர்டெஸ் குனிந்து எழுதினாள். சூடான பலகையில் மணிக்கட்டு சுட்டது. எடுக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குள் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் ஃபேக்ஸ் செய்தாள். போய்ச் சேர்ந்ததா என்று கேட்க மூன்று தடவை பியானோ கேட்டாள். முதல் பெண் வரவே இல்லை என்றாள். இரண்டாவது பெண் வந்திருக்கிறது, ஆனால் தலைகீழாக வந்திருக்கிறது என்றாள். "தலைகீழா வந்தா தாளைத் திருப்புமா!" என்று லூர்டெஸ் கத்திய கத்தலில் பக்கத்து டோனட் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை ஷெல்பி என்ற பெயரில் இன்னொரு பெண் எடுத்தாள். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது, கடிதம் ஏற்கப்பட்டது, ஏலம் தள்ளிவைக்கப்பட்டது என்றாள். லூர்டெஸுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏழு மாதமாகச் சேர்த்துவைத்த கெட்ட வார்த்தைகள் அத்தனையும் தொண்டையிலேயே நின்றன, துப்ப ஆள் இல்லாமல்.

நாலு மணிக்குச் சம்மதக் கடிதம் வந்தது. ஃபேக்ஸ் இயந்திரம் கக்கக் கக்க நின்றுகொண்டே படித்தாள்.

'அன்புள்ள டெல்மர் மற்றும் கோரீன் ஹாட்ஜ் அவர்களுக்கு, வாழ்த்துகள்! உங்கள் கஷ்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

கறுப்பு மார்க்கரின் மூடியைக் கழற்றிவிட்டாள். முதல் வரியை அடித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அடிக்குறிப்பு கேட்கும். இந்தக் கடிதத்தில் ஓர் எழுத்தை அடித்தாலும் திருத்தினாலும் சம்மதம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த விதியை அவளே நூறு பேருக்குப் போனில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். வந்தபடியே, முழுசாக, அவர் கையெழுத்தோடு ஐந்து மணிக்குள் திரும்பிப் போக வேண்டும். மார்க்கரைச் சுவரில் விட்டெறிந்தாள். பிறகு கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

டெல்மர் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூரை வேலை முடிந்திருந்தது. "படிக்க வேண்டாம் டெல்மர்" என்றாள் லூர்டெஸ். "ஏலம் இல்ல, வீடு வித்தாச்சு, மாசக் கடைசி வரைக்கும் இங்கேயே இருக்கலாம். எங்க கையெழுத்துன்னு நான் காட்டறேன், அங்க மட்டும் போடுங்க. படிக்காதீங்க, தயவுசெஞ்சு."

"படிக்காம ஒரு தடவை போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

மேலிருந்து கீழ்வரை, உதடு அசைய, நிதானமாகப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலே போனார். லூர்டெஸ் அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். வந்தால் பக்கத்தில் நின்று தானும் சேர்ந்து கத்தலாம் என்று காத்திருந்தாள்.

"கோரீன் இருந்தா இதைப் படிச்சிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சிருப்பா" என்றார் டெல்மர். "எனக்கு வரமாட்டேங்குது."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, தாளை மடிக்காமல் அவளிடம் கொடுத்தார்.

"நேரமாச்சு, கிளம்புங்க. அஞ்சுக்குள்ள போகணும்னு போட்டிருக்கான்."